ரியாவுக்கு கேவுரு பிஸ்கட்

குழு: ஆயா வீட்டுப் பிள்ளைங்க (கிருஷ்ணகிரி)

டிசம்பர் 14

லூர்து: ஜெனி 23ந்தேதி ராத்திரி வராளாம், மாப்ள ரியா எல்லாரும். 26 வரைக்கும் இருப்பாங்க. பலகாரம் எப்ப போடறதுன்னு ஆயா கேக்குது

சகாயம் மாமா: 🙏

விமலா அத்தை: 20, 21 ரெண்டு நாள் போட்டா போதும் எனக்கு முழங்கால் வலி ரொம்ப நேரம் ஒக்கார முடியல. சோமாசு 100 கலகலா 3 கிலோ அச்சு முறுக்கு கை முறுக்கு அதிரசம். போன வருசம் மாதிரி பத்தலன்னு அப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது

டேனி: போன வருசம் சோமாசு பத்தாம போனதுக்கு ஒரே காரணம் எங்க அப்பா

சகாயம் மாமா: டேய்

சுதா: அத்தை ரியாவுக்கு இதுல பாதி ஆகாதே. அதான் யோசனையா இருக்குது

விமலா அத்தை: இன்னுமா அது சரியாகல

டேனி: போச்சு. அக்கா டைப் பண்றா. எல்லாரும் டீ போட்டு வந்துருங்க

ஜெனி: அத்தை இது சரியாகிற விஷயம் இல்ல, சளி காய்ச்சல் மாதிரி பத்து நாள் மருந்து குடிச்சா போறது இல்ல. செலியாக்னு பேரு. கோதுமைல குளுட்டன்னு ஒரு புரதம் இருக்குது, அது உள்ள போனா அவ ஒடம்பே அவ குடல தாக்குது, குடலுக்குள்ள சத்த உறிஞ்சறதுக்கு பூந்துவாலைல நூல் நூலா நிக்குமே அந்த மாதிரி இருக்கும், அதெல்லாம் தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுது, அதனால தான் நாம எதப் போட்டாலும் அவ ஒடம்புல ஒட்டவே இல்ல. 7 வயசுக்கு 16 கிலோ தான் இருந்தா. ரத்த டெஸ்ட், அப்புறம் எண்டோஸ்கோப்பி போட்டு குடல்ல துளி எடுத்து பாத்துத் தான் ஏப்ரல்ல சொன்னாங்க. ஆயுசுக்கும் கோதுமை மைதா பார்லி கூடாது, இதுக்கு மருந்தே சாப்பாடு தான். நிறுத்தினதுல இருந்து 3 கிலோ ஏறியிருக்கா, தலைமுடி கொட்றது நின்னுருக்கு. கொஞ்சம் தானே, ஒரு வாய் தானேன்னு குடுத்தாலும் உள்ள புண்ணாகும். வெளில தெரியும் தெரியாது

ஸ்டெல்லா சித்தி: ஓகே மா

விமலா அத்தை: ஒரு வாய் தானேன்னு சொன்னது யாருன்னு பேரையும் போட்டுடு ஜெனி

சகாயம் மாமா: விமலா

விமலா அத்தை: ஆயா பொறந்த நாளைக்கு ஊரே கேக் தின்னுது அந்தக் கொழந்த கதவோரம் நின்னு பாத்துட்டிருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. விஷமா குடுத்தேன்

ஜெனி: நான் அப்படி சொல்லவே இல்ல அத்தை. மூணு நாள் வாந்தி எடுத்தா, அதத் தான் சொல்றேன்

(இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

டேனி: அம்மா என்னத்த அழிச்ச

லூர்து: சரி விடுங்க. பலகாரத்துக்கு வாங்க

பீட்டர் சித்தப்பா: அன்பு உறவுகளே. நம்ம தாத்தா காலத்துல இந்தப் பக்கம் கோதுமைய கண்ணால பாத்தவங்களே கம்மி. காலைல கேவுரு கூழு ராத்திரி களி, சாமை சோறு விசேஷத்துக்கு. அப்ப கிருஷ்ணகிரி தர்மபுரி எல்லாம் சேலம் ஜில்லா. 1965ல தர்மபுரி தனி ஜில்லா ஆச்சு, 2004ல நாம தர்மபுரிய விட்டுப் பிரிஞ்சோம், ஆனா களி மட்டும் எங்கயும் பிரியல. நம்ம பையூர் ஆராய்ச்சி நிலையத்துலயே கேவுருக்குன்னு தனி ரகம் விட்டிருக்காங்க. 2023ல தர்மபுரில ரேஷன்ல அரிசிக்கு பதிலா 2 கிலோ கேவுரு குடுத்தாங்க, அந்த வருசத்த ஐநா சபையே சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுது. ஆகவே ரியா நம்ம மண்ணுக்கு திரும்பியிருக்கா என்பது என் கருத்து

டேனி: மாமா நீங்க ரிட்டயர்டு ஆனது ஸ்கூலுக்கு மட்டும் தான்

சுதா: ரவை லட்டு போட்டுக்கலாமா அவளுக்கு?

ஜெனி: அண்ணி ரவையே கோதுமை தான்

சுதா: ஐயோ ஆமால்ல

ஸ்டெல்லா சித்தி: சேமியா?

ஜெனி: அதுவும் தான் சித்தி

சகாயம் மாமா: (பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது) கோதுமை ஒரு மெல்லக் கொல்லும் விஷம்!! சப்பாத்தி சாப்பிடுபவர்கள் உடனே நிறுத்தவும்!! அனைவருக்கும் பகிரவும்

ஜெனி: மாமா இது தப்பு. இந்த வியாதியோ கோதுமை அலர்ஜியோ இல்லாதவங்களுக்கு கோதுமை ஒண்ணும் பண்ணாது, நீங்க தாராளமா சாப்டுங்க. அதோட சந்தேகம் இருக்கிறவங்க டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தவே கூடாது, நிறுத்திட்டு எடுத்தா டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துரும்

சகாயம் மாமா: 👍 அப்ப பரோட்டா?

டேனி: அதுக்கு தான் அந்த ஃபார்வேர்டே

டிசம்பர் 15

விமலா அத்தை: ராத்திரி பூரா யோசிச்சேன். அதிரசம் அரிசி மாவு தானே, முறுக்கும் அரிசி மாவு தானே. அது ரெண்டும் புள்ள சாப்டலாமா இல்ல அதுவும் கூடாதா

ஜெனி: சாப்டலாம் அத்தை!! ரெண்டே விஷயம். முறுக்குல பெருங்காயம் வேண்டாம், கடைல விக்கிற பெருங்காயம் கட்டியோ தூளோ பெரும்பாலும் கோதுமை மாவு கலந்தது தான், சிலதுல தான் அரிசி மாவு. இன்னொண்ணு சோமாசு கலகலா சுட்ட எண்ணெய்ல அவளோடத போடக் கூடாது, மைதா உதிர்ந்து எண்ணெய்ல கெடக்கும்

விமலா அத்தை: பெருங்காயத்துல கோதுமையா. நாப்பது வருசமா சமைக்கிறேன் எனக்கே தெரியாது

ஆயாவுக்காக சுதா: ஆயா சொல்லுது, பெருங்காயம் இல்லாம முறுக்கு சுட்டா அதுக்குப் பேரு முறுக்கு இல்லியாம்

விமலா அத்தை: அம்மாவ சும்மா இருக்கச் சொல்லு சுதா. மொதல்ல புது எண்ணெய்ல அரிசி பலகாரம் முடிச்சிட்டு அப்புறம் மத்தது போட்டுக்கலாம்

ஜெனி: தேங்க்ஸ் அத்தை. ஆனா அவளுக்கு இந்த வருசம் பிஸ்கட் தான் வேணுமாம். ஸ்கூல்ல எல்லாரும் கிறிஸ்மஸ் குக்கீஸ்னு கொண்டாந்தாங்களாம், இவ மட்டும் தேங்காத் துண்டு கொண்டு போனா

விமலா அத்தை: சொல்லு. எப்பிடி செய்யணும்

டேனி: டீ நம்பர் 2

ஜெனி: கேவுரு மாவு 200 கிராம், அரிசி மாவு 50, வெண்ணெய் 125, நாட்டுச்சர்க்கரை 110 சலிச்சது, ஜவ்வரிசிய மிக்சில நைசா அரைச்சு 2 ஸ்பூன், பேக்கிங் பவுடர் அர ஸ்பூன், சுக்கு ஏலக்கா, ஒரு சிட்டிகை உப்பு. மொதல்ல கேவுரு மாவ சின்னத் தீயில வாசனை வர வரைக்கும் வறுத்து நல்லா ஆறவிடணும், சூடா போட்டா வெண்ணெய் உருகி ஓடிரும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து வர்ற வரை அடிச்சு மாவு சேத்து ரெண்டு மூணு ஸ்பூன் பால் விட்டு பிசறுங்க. சப்பாத்தி மாவு மாதிரி இழுபடாது, இழுக்கறதே குளுட்டன் தான், இதுல அது இல்ல, அதனால பொலபொலன்னு விட்டுப் போகும், அதப் புடிச்சு வெக்கத் தான் ஜவ்வரிசி. பிசறி அரமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல மூடி வைங்க, அப்ப தான் மாவு ஈரத்த இழுக்கும், இல்லன்னா தின்னும்போது மண்ணு மாதிரி நறநறங்கும். அப்புறம் பால் கவர கழுவி வெட்டி ரெண்டு கவருக்கு நடுவுல வெச்சு கால் இஞ்சு கனத்துக்கு தட்டி சின்ன டம்ளர்ல அமுக்கி எடுங்க. நட்சத்திர அச்சு வேண்டாம், அஞ்சு காலும் ஒடியும், நான் அழுதுருக்கேன். ஓவன்ல 160 டிகிரில 15ல இருந்து 18 நிமிசம். கேவுரு முன்னாடியே கருப்பு, அதனால செவந்துச்சான்னு பாக்க முடியாது, ஓரம் மட்டும் லேசா கெட்டியாகி மணம் வந்தா எடுத்துரணும், அப்ப நடுவுல மெத்துனு தான் இருக்கும், வேகலன்னு திரும்ப வெச்சிராதீங்க, கல்லாயிடும். தட்டுல அப்படியே பத்து நிமிசம் தொடாம விடுங்க, ஆறுனா தான் இறுகும்

ஸ்டெல்லா சித்தி: சூப்பர் மா

சகாயம் மாமா: 👏

சுதா: மாவு மில்லுல அரைச்சு வெச்சிருக்கேன் ஜெனி 5 கிலோ

ஜெனி: அண்ணி அதான் வேண்டாம். அதே கல்லுல முன்னாடி யாராவது கோதுமை அரைச்சிருப்பாங்க. பாக்கெட்ல குளுட்டன் ஃப்ரீன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம், மில்லுல ஒட்டியிருக்கிறதே அதுக்கு மேல போயிரும். முழு கேவுரு வாங்கி பாத்து பொறுக்கி கழுவி காய வெச்சு வீட்டு மிக்சிலயே அரைங்க. சல்லடையும் புதுசு. மைதா சலிச்ச சல்லடைல கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருக்கும்

சுதா: அந்த 5 கிலோ?

லூர்து: களி

டேனி: களி

பீட்டர் சித்தப்பா: களி. கூட கருவாட்டுக் கொழம்பு

விமலா அத்தை: ஓவன் எங்க இருக்குது

லூர்து: ...

டேனி: 🍿

விமலா அத்தை: எங்க அண்ணன் ரிட்டயர்டு பணத்துல அம்மா வீட்டுக்குன்னு வாங்கினது. லாக்டவுன்ல ஒரு வாரத்துக்குன்னு போச்சு

பீட்டர் சித்தப்பா: அக்கா அது குடும்ப விஷயம். குரூப்ல வேண்டாமே

விமலா அத்தை: இது குடும்ப குரூப் தானே பீட்டரு

ஸ்டெல்லா சித்தி: நான் ஒண்ணும் ஒளிச்சு வெக்கல அண்ணி. மாந்தோப்பு குத்தகைப் பணமும் தான் மூணு வருசமா கணக்கு வரல நாங்க கேட்டமா

சகாயம் மாமா: ஜெனி மா ஒரு டவுட்டு. ரியாவுக்கு மே மாசம் புதுநன்மை இல்ல? மொத தடவ அப்பம் வாங்கப் போறா. பூசைல குடுக்கிற அப்பம் கோதுமை தானே

டேனி: அப்பா முதல் தடவையா உருப்படியா டாபிக் மாத்திருக்கார்

ஜெனி: ஆமா மாமா. கோதுமை தான். கோதுமையே இல்லாத அப்பம் செல்லாதுன்னு ரோம்ல இருந்து 2017ல கூட கடிதம் அனுப்பியிருக்காங்க. ஆனா குளுட்டன் ரொம்பக் கம்மியா இருக்கிற அப்பம் செல்லும். அதுவும் ஒத்துக்கலன்னா திராட்சை ரசமா குடுக்கிற திரு இரத்தம் மட்டும் வாங்கலாம், அதுவே முழு நன்மை தான், அதுக்குன்னு தனி கிண்ணம் வெக்கணும், அப்பத் துணுக்கு விழுந்த கிண்ணம் கூடாது. சாமியார்கிட்ட பேசணும்

விமலா அத்தை: ஆண்டவரே உள்ள வரும்போது வயித்துக்கு என்ன ஆயிடப் போகுது

ஜெனி: அத்தை

விமலா அத்தை: சும்மா கேட்டேன்

பீட்டர் சித்தப்பா: நான் பேசறேன் சாமியார்கிட்ட. அவர் நம்ம ஸ்டூடண்ட்

லூர்து: யாரு தான் உங்க ஸ்டூடண்ட் இல்ல சித்தப்பா

டிசம்பர் 17

சுதா: (போட்டோ)

டேனி: இது என்ன வறட்டியா

சுதா: போடா. குக்கர்ல போட்டேன். உள்ள ரெண்டு டம்ளர் கல்லுப்பு பரப்பி ஸ்டாண்ட் வெச்சு கேஸ்கட் விசில் ரெண்டும் கழட்டிட்டு பத்து நிமிசம் காய விட்டு தட்டு வெச்சேன். 20 நிமிசம் சின்னத் தீ. எடுக்கும்போது ஒடஞ்சுது

ஜெனி: சூடா தோசைக் கரண்டி விட்டு தூக்குனீங்களா

சுதா: ஆமா. லூர்து பசிக்குதுன்னு நின்னுட்டிருந்தாரு

ஜெனி: ஆற விடணும் அண்ணி

சுதா: ரெண்டாவது தட்டு ஆற விட்டேன். ஒடையல. ஆயா ஒண்ண டீயில நனைச்சு தின்னுட்டு சொல்லுது, களிய காய வெச்சு சக்கரை போட்ட மாதிரி இருக்குதாம். அப்புறம் இன்னும் மூணு கேட்டுச்சு

ஜெனி: 😂 ஆயாவுக்கு சுகர்

சுதா: நான் ஒண்ணு தான் குடுத்தேன். டப்பாவுல மூணு கம்மியா இருக்குது

விமலா அத்தை: (போட்டோ) புது சல்லடை புது வாணலி. ரவுண்டானா கிட்ட வாங்கினேன். சிவப்பு பெயிண்ட்ல ரியான்னு எழுதிருக்கேன் யாரும் இதுல மைதா தொட்டீங்கன்னா பாத்துக்கோங்க

ஜெனி: அத்தை ❤️

விமலா அத்தை: நான் அன்னிக்கு குடுத்தது கேக்கு ரெண்டு துண்டு. ஒண்ணுன்னு சொன்னேன்ல. ரெண்டு

ஜெனி: தெரியும் அத்தை. அவ அன்னிக்கே சொல்லிட்டா

டேனி: ஒரு டவுட்டு. அக்கம்பக்கத்து வீட்டுக்கு அனுப்பற தட்டுலயும் கேவுரு பிஸ்கட் வெக்கலாமா இல்ல ரியாவுக்கு மட்டும் தானா

விமலா அத்தை: எல்லாத் தட்டுலயும் வெச்சா கொழந்தைக்கு தனியா தெரியாது

ஸ்டெல்லா சித்தி: 40 தட்டு அண்ணி. தட்டுக்கு 4ன்னா 160. குக்கர்ல ஒரு தடவைக்கு எத்தனை

சுதா: 7

லூர்து: 23 ஈடு

டேனி: கேஸ் சிலிண்டர் யாரு கணக்கு

சகாயம் மாமா: வீட்டுக்கு வர்றவங்களுக்கு மட்டும் போதுமே

விமலா அத்தை: அது எப்பிடி போதும்

லூர்து: சித்தி அந்த ஓவன்...

ஸ்டெல்லா சித்தி: கீழ் காயில் போயிடுச்சு. ரெண்டு வருசம் ஆச்சு. மேல மட்டும் எரியுது

விமலா அத்தை: இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல

பீட்டர் சித்தப்பா: ஓவன் என்பது 2 காயில் கொண்டது. கீழ்க் காயில் எரியாவிட்டால்

பீட்டர் சித்தப்பா: நாளைக்கு ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போறேன்

விமலா அத்தை: ரிப்பேர் ஆனதும் எந்த வீட்டுக்கு வரும்

சகாயம் மாமா: ஆட்டுக்கறி எத்தன கிலோ சொல்லட்டும். இன்னிக்கு சொன்னா தான் 25க்கு கெடைக்கும்

டேனி: 8

லூர்து: 10

சுதா: ஆயா கேக்குது ஒடஞ்ச பிஸ்கட் மீதி எங்கன்னு