புதுப்பிப்பு: பிராமுக்கு வண்டி ஏற்பாடாகிவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேனே, மகளும் அவள் தோழிகளுமாக 11 பேர் பிராம் என்னும் பள்ளி ஆண்டிறுதி நடன விருந்துக்குப் போக லிமோசின் (நீளக் கார்) எடுப்பதா, உள்ளேயே ஆடிப் பாட வசதியுள்ள பார்ட்டி பஸ் எடுப்பதா என்று, அந்தக் கதை ஒருவழியாக முடிந்தது. இரண்டும் இல்லை, டிரைவரோடு ஒரு மினி பஸ்.

முதலில் லிமோசினைத்தான் பேசி வைத்தோம். 12 பேர் உட்காரலாம் என்றார்கள். நீங்கள் பதிலில் சொன்னபடி நேரில் போய்ப் பார்த்தால், பக்கவாட்டு சீட்டில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்தால்தான் அந்தக் கணக்கு, தரையைத் தொடும் கவுனோடு 8 பேருக்கே திணறல், சீட் பெல்ட்டும் எல்லா இடத்திலும் இல்லை. அதனால் அதை விட்டு மினி பஸ்ஸுக்கு மாறினோம்.

வாடகையில் இன்னொரு சங்கதி. மணிக்கணக்கு வாடகை ஓடத் தொடங்குவது பல இடங்களில் நம் வாசலில் இல்லை, வண்டி அவர்கள் ஷெட்டைவிட்டுக் கிளம்பும்போதே. பிள்ளைகள் உள்ளே ஆடும் நேரமெல்லாம் வெளியே சும்மா நின்றாலும் காசுதான். அதனால் கொண்டுவிட ஒரு நடை, கூட்டிவர ஒரு நடை என்று பிரித்துப் பேசினோம், நன்றாகவே குறைந்தது (வண்டிக்காரர்களில் 2 பேர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை). கூடுதல் நேரக் கட்டணம், பழுதானால் மாற்று வண்டி, நாங்கள் பார்த்த அதே வண்டிதான் வரும் என்பது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுத்தேன். உரிமமும் காப்பீடும் காட்டச் சொன்னதற்கு ஒரு வண்டிக்காரர் முகம் சுளித்தார், சரி, அவரை அப்போதே விட்டுவிட்டோம்.

மற்ற பெற்றோரிடம் பங்குப் பணம் வசூலிப்பதுதான் பெரும்பாடு, ஒருவர் இன்னும் "நாளைக்கு" என்கிறார். லிமோசின் இல்லை என்றதும் மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், அப்புறம் மினி பஸ்ஸில் பாட்டுப் போட ஸ்பீக்கர் இருக்கிறது என்று தெரிந்ததும் சமாதானமாகிவிட்டாள்.