ஓவன் இல்லாம பீட்சா, எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி?

கல்லடிப் புள்ள:
எங்கட வீட்ட கேஸ் அடுப்பு மட்டும்தான். சின்னவன் உறைப்பு தொடமாட்டான், அவருக்கு உறைப்பில்லாட்டி இறங்காது, மாமி வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டா. எப்பிடிகா செய்யிற?

கல்முனை கிச்சன்:
ஓவன் தேவையில்ல தங்கச்சி. 2 கப் கோதும மாவுக்கு ஈஸ்ட், சீனி, உப்பு ஒவ்வொரு தேக்கரண்டி, இளஞ்சூட்டுத் தண்ணி முக்கால் கப், கொஞ்சம் எண்ணெய், நல்லா பிசைஞ்சு மூடி வைங்க, எங்கட வெக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள்ளயே பொங்கிடும். கொதி தண்ணி ஊத்தினா ஈஸ்ட் செத்திடும், கவனம். பொங்கின மாவ வட்டமா தட்டி, அடி மொத்தமான தாச்சியில ஒரு பக்கம் லேசா சுட்டு, பிரட்டி, சுட்ட பக்கத்துக்கு மேல தக்காளி சோஸ், சீஸ் போட்டு மூடி சிம்மில வைங்க, சீஸ் உருகினா இறக்கிரலாம்.

வாவிக்கரை:
றால் போடுறண்டா முதல்ல வதக்கி தண்ணிய வத்த வைங்க அக்கா, பச்சையா போட்டா மா சொதசொதண்டு போயிரும், அன்னாசியும் அப்பிடித்தான். உறைப்புக்கு கட்டத்தூள் மேலால தூவினா சரி, சின்னவன்ட பங்குல தூவாதீங்க.

கல்லடிப் புள்ள:
அப்ப மாமிக்கு வெங்காயம், கறிமிளகா மட்டும் போட்டு தனியா சின்னதா ஒண்டு முதல்ல சுடுறன். றால் போட்ட தாச்சியில சுட்டா தொடவே மாட்டா!