வசூல் இலக்கும் உறக்கமின்மையும்: சிகிச்சைக்கு விடுமுறை கேட்டால் வேலைக்கு ஆபத்து வருமா?

படுவான்கரைப் பயணி (கேள்வி)

மட்டக்களப்பு நகரில் கிளை வைத்திருக்கும் ஒரு நிதி நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். கடன் வழங்குவதும் தவணைப் பணத்தை அறவிடுவதும் எனது பணி. எனது பிரிவு முழுவதும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் இருப்பதால், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர் ஆகிய பகுதிகளில் வயலை நம்பி வாழ்வோரே எனது வாடிக்கையாளர்களில் அதிகம். பெரும்போக அறுவடை முடிந்து நெல்லை விற்ற பிறகுதான் அவர்களின் கையில் காசு புழங்கும். எனக்குத் தரப்படும் இலக்கோ கார்த்திகை மழையிலும் மாசி அறுவடையிலும் ஒன்றாகவே இருக்கிறது.

இரவு சாப்பிட உட்காரும் நேரத்தில் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைய நிலுவைப் பட்டியல் வந்து விழும். பின்தங்கியவர்களின் பெயர்கள் சிவப்பு நிறத்தில் இருக்கும். எல்லோருக்கும் முன்னால் அதே குழுவில் அவர்கள் விளக்கம் எழுத வேண்டும். சில மாதங்களாக விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை. தொலைபேசி அதிர்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. நான் வருவதைக் கண்டு கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்கள்மீது முன்பு இரக்கம் வரும். இப்போது எரிச்சல்தான் வருகிறது, அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

இது நோயா, வெறும் களைப்பா? மனநலப் பிரிவில் காட்டுவதற்கு விடுமுறை கேட்டால் அது எனது பணிக் கோவையில் பதிவாகி, பிற்பாடு வேலைக்கு ஆபத்தாக முடியுமா? தெரிந்தவர்கள் பதில் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தோகா வாசி

தம்பி, வேலையை விட்டுவிடுங்கள். நானும் இதே தொழிலில் இருந்து விலகித்தான் கத்தாருக்கு வந்தேன். உடம்பு இருந்தால் எங்கேயும் உழைத்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற தொழில் உத்தியோகத்தர்

மேலே உள்ள ஆலோசனை நல்ல மனதுடன் சொல்லப்பட்டிருந்தாலும், அதை அவசரப்பட்டுப் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நித்திரையில்லாத மனிதர் எழுதும் இராஜினாமாக் கடிதத்தால் நிறுவனத்துக்குத்தான் இலாபம்.

உங்களைப் போன்றவர்களின் பணி 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடைகள் மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறது. நாளொன்றுக்கு 8 மணித்தியாலமும் வாரத்துக்கு 45 மணித்தியாலமும் வேலை நேரம் என்றும், மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. முதல் ஆண்டு கழிந்த ஊழியருக்கு வருடாந்த விடுமுறையாக 14 நாட்கள் உண்டு. அதைத் தவிர, சுகயீனத்துக்கோ சொந்தக் காரியத்துக்கோ எடுக்கக்கூடிய அமைய விடுமுறை 7 நாட்கள் உண்டு. ஒருநாள் கிளினிக்குக்குப் போய்வர அமைய விடுமுறை போதும், அதற்காக நோயின் பெயரை முகாமையாளரிடம் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

வேலை போய்விடும் என்ற அச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனமொன்று, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தை அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியைப் பெற்றாக வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. அதனால்தான் சில இடங்களில் நீக்கற் கடிதம் கொடுக்காமல், "நீங்களாகவே எழுதித் தந்துவிட்டால் மரியாதையாக இருக்கும்" என்று தேனொழுகப் பேசுவார்கள். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்த பிறகு எங்களிடம் வந்து அழுதவர்கள் பலர். அவர்களுக்காக வாதாடுவது மிகவும் கடினம். இரவு வரும் பட்டியல்களையும் அவற்றின் நேரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். மேலதிக நேர வேலை பற்றிப் பேச வேண்டி வந்தால் வாய்ச்சொல்லைவிட அவை உதவும்.

வெள்ளைச் சட்டை

மனநலப் பிரிவொன்றில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் உங்கள் முதற் கேள்விக்கு வருகிறேன். வேலைத்தள அழுத்தத்தை நீண்ட நாள் சமாளிக்க முடியாமல் ஒருவர் வற்றிப்போகும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தனது நோய் வகைப்பாட்டில் குறிப்பிட்டிருக்கிறது. ஆனால் அதை ஒரு நோயாகவன்றி, தொழில் சார்ந்த ஒரு நிலையாகவே வகுத்திருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன: சக்தியெல்லாம் தீர்ந்துபோன உணர்வு, வேலையின்மீதான வெறுப்பு அல்லது அதிலிருந்து மனம் விலகிப்போதல், தன்னால் ஒன்றும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். கதவைச் சாத்தும் பெண்கள்மீது எரிச்சல் வருகிறது என்று எழுதியிருந்தீர்களே, இரண்டாவது அடையாளம் பெரும்பாலும் அப்படித்தான் வெளிப்படும். உங்கள் குணம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

எனினும், வைத்தியரிடம் காட்டாமல் "இது வேலைக் களைப்புத்தான்" என்று நீங்களே முடிவு கட்டவும் கூடாது. விடியப்புற விழிப்பு மனச்சோர்வு நோயிலும் வரும். முன்பு விருப்பமாக இருந்தவற்றில் இப்போது நாட்டமில்லாமை, பசியின்மை, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சை பெற வேண்டிய நோய். படபடப்புக்குத் தைரொயிட் சுரப்பியும் காரணமாக இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். ஃபார்மசியில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதையும் இரவில் சாராயத்தை நாடுவதையும் தயவுசெய்து தொடங்க வேண்டாம். இரண்டுமே முதல் வாரத்தில் உதவுவதுபோல் இருந்து, பிறகு அவையில்லாமல் கண் மூடாது என்ற நிலைக்குக் கொண்டுபோய்விடும். வைத்தியர் மனச்சோர்வுக்கு மருந்து எழுதினால், அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். பத்தாம் நாள் "பயனில்லை" என்று நிறுத்திவிடுபவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு, பணம் செலுத்தத் தேவையில்லை. இரவில் தாங்க முடியாத எண்ணங்கள் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்துப் பேசலாம்.

அக்கரைப்பற்று முகாமையாளர்

சகோதரரே, மேசைக்கு மறுபக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. நான் அம்பாறை மாவட்டத்தில் வேறொரு நிறுவனத்தின் கிளையை நடத்துகிறேன். உங்கள் முகாமையாளருக்கும் இரவில் ஒரு பட்டியல் வருகிறது. அதில் அவருடைய பெயர் சிவப்பாக இருக்கும். இதை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, எங்கே பேசினால் பலன் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மழையையோ நெல் விலையையோ தவணைத் திகதியையோ மாற்ற உங்களிடம் எந்த அதிகாரமும் இல்லை. விளைவுக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. சுமை அதிகமாகவும் அதைக் கையாளும் அதிகாரம் குறைவாகவும் உள்ள வேலையே ஆளை அதிகம் வாட்டும் என்று ரொபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இலேயே எழுதினார். அப்படியிருக்க, வருடத்துக்கு ஒருநாள் ஒரு ஹோட்டலில் "மன அழுத்தத்தை வெல்வது எப்படி" என்று பயிற்சி வைத்து, பகல் சாப்பாடும் கொடுத்து அனுப்புவதால் எதுவும் மாறுவதில்லை. (அந்தப் பயிற்சி நடக்கும்போதே தலைமை அலுவலகம் அன்றைய வசூலைக் கேட்டு அழைத்ததும் உண்டு.) நான் செய்தது இரண்டே காரியங்கள். நிலுவைப் பட்டியலைக் குழுவில் போடுவதை நிறுத்தி, காலையில் ஒவ்வொருவருடனும் தனியாகப் பேசத் தொடங்கினேன். வேளாண்மைக் கடன்களின் தவணையை அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் கூட்டியும் விதைப்புக் காலத்தில் குறைத்தும் அமைக்க மேலிடத்தை எழுத்தில் கேட்டேன். எல்லாக் கடன்களுக்கும் சம்மதிக்கவில்லை, புதிய கடன்களுக்குச் சம்மதித்தார்கள். வசூல் குறையவில்லை.

ஆகவே முகாமையாளரிடம் "என்னால் முடியவில்லை" என்று தொடங்காதீர்கள். உங்கள் பிரிவில் எந்த மாதம் எவ்வளவு நிலுவை ஏறி இறங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கணக்கைக் கண்டால் காது கொடுப்பார்கள்; இந்தத் தொழிலில் எங்களுக்குத் தெரிந்த மொழி அது.

படுவான்கரைப் பயணி

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமைக்கு அமைய விடுமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், காரணத்தைச் "சொந்த அலுவல்" என்று போட்டேன். மனைவியிடமும் சொல்லிவிட்டேன், தனக்கு முன்னமே தெரியும் என்றார். வைத்தியர் ஓய்வு தேவை என்று சான்றிதழ் எழுதினால் அதில் நோயின் பெயர் வந்துவிடுமே, அதற்கு என்ன செய்வது?

வெள்ளைச் சட்டை

அந்தத் தயக்கத்தை வைத்தியரிடமே முதலில் சொல்லுங்கள். சான்றிதழில் எதை எப்படி எழுதுவது என்று உங்களுடன் பேசித்தான் முடிவெடுப்பார். நீங்கள் அறையில் சொல்வதை உங்கள் நிறுவனத்துக்குச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. நேரத்தோடு போய் இலக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டையையும் இப்போது ஏதாவது மருந்து குடிப்பதானால் அதன் உறையையும் கொண்டுபோங்கள். மனைவியும் கூட வருவது நல்லது, நித்திரையைப் பற்றி அவரிடமும் கேட்பார்கள்.