பழைய மஹிந்திரா ஃபோர் வீல்: முன் ஆக்சில் எந்த வகை? நக்கிள் லீக், ஸ்டியரிங் ஆட்டம், லீவர் சிக்குகிறது

மலைவண்டி_அஞ்செட்டி

வணக்கம். பின்னால் பிக்கப் பாடி கட்டிய பழைய மஹிந்திரா ஃபோர் வீல் டிரைவ் வண்டி. அஞ்செட்டிக்கு மேலே உள்ள ஊர்களிலிருந்து ராகி, புளி, தக்காளி ஏற்றிக்கொண்டு தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை வரை வர வேண்டும். பல கை மாறிய வண்டி. ஆர்.சி.யில் இருக்கும் மாடலும் கீழே தொங்கும் ஆக்சிலும் ஒன்றுதானா என்று சந்தேகம். பார்ட்ஸ் கடையில் "எந்த ஆக்சில்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

மூன்று தொல்லை இருக்கிறது. 40 கி.மீ. வேகத்தில் சின்னப் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் படபடவென்று ஆடுகிறது, வண்டியை நிறுத்தினால்தான் அடங்குகிறது. வலது முன் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் உருண்டையிலிருந்து எண்ணெய் ஒழுகி டயர் வரை நனைகிறது. பட்டறையில் சீல் கிட் மாற்றியும் மறுபடி ஒழுகுகிறது. மூன்றாவது, ஃபோர் வீல் போட்டு மேடு ஏறியபின் லீவர் திரும்ப வர மறுக்கிறது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் டொக்கென்று விடுகிறது.

எதில் தொடங்குவது?

கிரவுன்_பினியன்

முதலில் அடையாளம். ஆர்.சி.யை ஓரமாக வையுங்கள். நாற்பது வருஷ வண்டியில் எது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று ஆக்சிலைத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் உருண்டை இருக்கிறது என்றாலே அது மூடிய நக்கிள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பகுதி) வகை. ஆக்சில் குழாயின் முனையில் வழவழப்பான இரும்பு உருண்டை, அதன் மேல் நக்கிள் கவிழ்ந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே ஃபெல்ட் சீல். ஜாயிண்ட் உள்ளேயே மறைந்திருக்கும். திறந்த நக்கிளில் கிராஸ் ஜாயிண்ட் வெளியே கண்ணுக்குத் தெரியும். இந்த இரண்டுக்கும் ஹப்புக்கு உள்ளே இருக்கும் சாமான் எதுவும் பொதுவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டிஃபரன்ஷியல் ஹவுசிங் (ஆக்சிலில் பல்சக்கரங்கள் இருக்கும் வார்ப்புக் கூடு). செம்மண்ணைக் கம்பி பிரஷ் போட்டு தேய்த்து எடுத்துவிட்டு வார்ப்பு விலாவைப் பாருங்கள். புடைத்த எழுத்தில் 25, 27, 30, 44 என்று ஏதாவது ஒரு எண் இருக்கும். அதுதான் டானா கம்பெனி ஆக்சிலின் வகை எண். வில்லிஸ் ஜீப் வழி வந்த சி.ஜே.3பி வகை வண்டிகளில் முன்னால் 25, பின்னால் பெரும்பாலும் 44. 25-ல் கிரவுன் வீல் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) விட்டம் 7.75 அங்குலம், 27-லும் 30-லும் ஏழேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 44-ல் எட்டரை. பின் மூடி நாலு வகையிலும் 10 போல்ட்தான், அதனால் போல்ட்டை எண்ணி முடிவு கட்டாதீர்கள்.

மூடி போல்ட்டில் சின்னத் தகடு தொங்கினால் பல் எண்ணிக்கை அதில் இருக்கும். பெரும்பாலும் யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். அதனால் ரேஷியோவை (கிரவுன் வீல் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பதை) கையால் எண்ணுவதே நல்லது. முன்னாலும் பின்னாலும், இரண்டையும். உங்கள் லீவர் சிக்கலுக்கு விடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

செய்முறை: கியர் நியூட்ரல். டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரல். சக்கரங்களுக்குக் கல் போடுங்கள், ஏனென்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டியிருக்கும். இந்த வண்டிகளில் பலவற்றில் அது பின் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள், மறுபக்கம் தரையில் இருக்கட்டும். டயரிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்ட் ஆக்சிலில் மாட்டும் தட்டு) சாக்பீஸால் கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக 16 சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று இன்னொருவர் எண்ணட்டும். மறு சக்கரம் நிற்பதால் 16 சுற்றுக்குக் கிரவுன் வீல் 8 தடவைதான் சுற்றும். ஷாஃப்ட் 43 சுற்றினால் 43க்கு 8, அதாவது 5.38. 39 வந்தால் 4.88. ஓரிரு சுற்று போட்டு ஊகிக்கிற வேலை வேண்டாம், அரைச் சுற்று பிசகினாலும் வேறு ரேஷியோவாகத் தெரியும்.

இன்னொன்று. இடது பக்க வீல் போல்ட் முனையில் ஆங்கில எல் எழுத்து இருந்தால் அது இடது மரை. தெரியாமல் நீளக் குழாய் போட்டு எதிர்ப்பக்கம் முறுக்கினால் போல்ட் துண்டாகும்.

லேத்_பாலக்கோடு

ஆட்டமும் லீக்கும் தனித்தனி நோய் இல்லீங்க. கிங்பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங் தளர்ந்தால் நக்கிள் உருண்டையின் மேல் அசையும். அசைகிற உருண்டையில் எந்த சீல் போட்டாலும் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் திறக்கும். சீல் கிட் மட்டும் மாற்றியதால்தான் மறுபடி ஒழுகுது.

கழற்றுவதற்கு முன்னால் உறுதி பண்ணிக்குங்க. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்க. ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக் மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங், மிதித்தும் இருந்தால் கிங்பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) முனையோ அவற்றை இணைத்து நடுவில் இருக்கும் பெல் கிராங்க்கோ.

கூடவே நக்கிள் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பாருங்க. மெல்லிய கியர் ஆயில் வாடையோடு நிரம்பி வழிந்தால், டிஃபரன்ஷியல் எண்ணெய் குழாய் வழியாக வருது, உள் சீல் போயிருக்கு. அது டிஃபரன்ஷியல் பக்கம் இருக்கிறது, கேரியரை (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு) எடுக்காமல் மாற்ற முடியாது. அதற்கு முன் ஆக்சில் குழாய் மேல் இருக்கிற பிரீதரை (காற்று போய்வரும் துளை) கழற்றி ஊதிப் பாருங்க. நம்ம பக்கத்துச் செம்மண் அடைத்துவிட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். கிரீஸ் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஓடைத் தண்ணீர் புகுந்திருக்கு, பேரிங் எல்லாம் மாற்றத் தயாராகுங்க.

கழற்றும் வரிசை: ஆக்சில் குழாய்க்குக் கீழே ஸ்டாண்ட், ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீங்க. ஹப் மூடி, ஷாஃப்ட் முனையில் ஸ்னாப் ரிங் இருந்தால் அது, பிறகு டிரைவ் ஃபிளாஞ்சின் 6 போல்ட். வெளி நட்டு, மடக்கிய வாஷர், உள் நட்டு, டிரம்மோடு ஹப். பிரேக் பிளேட்டை ஹோஸ் இழுபடாமல் கம்பியில் கட்டித் தொங்க விடுங்க. ஸ்டப் ஆக்சிலை எடுத்து, ஷாஃப்டை நேராக, சாய்க்காமல் இழுங்க. சாய்த்தால் உள் சீலின் உதடு கிழியும். ஸ்டப் ஆக்சிலுக்குள் இருக்கிற வெண்கல புஷ்ஷையும் பாருங்க, அதில் ஷாஃப்ட் தொளதொளவென்று ஆடினால் லேத்தில் புதிதாகக் கடைந்துவிடலாம்.

டை ராடு முனை, சீல் பிடிக்கிற இரண்டு அரைவட்டத் தகடு (பக்கத்துக்கு 8 போல்ட்), பிறகு மேல் கீழ் கிங்பின் மூடி. மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம்களை (மெல்லிய தகடுகளை) மேல், கீழ் என்று தனித்தனியாகக் கம்பியில் கோத்து வையுங்க.

கப்பில் ரோலர் பதிந்த பள்ளம் இருந்தால் பேரிங் செத்துப் போச்சு. கிங்பின் பேரிங் கோன் 11590, கப் 11520, வண்டிக்கு நாலு ஜோடி. வீல் பேரிங் 18590, கப் 18520, உள்ளும் வெளியும் ஒன்றே, அதுவும் நாலு ஜோடி. எண்ணைச் சொன்னால் வண்டிப் பெயரே கேட்காமல் எடுத்துக் கொடுப்பாங்க. சேலத்தில் கிடைக்கலைன்னா பெங்களூர் ஜே.சி. ரோடு.

இனிமேல்தான் முக்கியமான வேலை. சீல் போடாமல், டை ராடு மாட்டாமல், ஷாஃப்ட் இல்லாமல் நக்கிளை மட்டும் புதுப் பேரிங்கோடு பூட்டுங்க. டை ராடு ஓட்டையில் கொக்கித் தராசை மாட்டி, நக்கிள் திரும்பிக்கொண்டிருக்கும்போது என்ன காட்டுதுன்னு பாருங்க. 4 முதல் 6 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.8 முதல் 2.7 கிலோ காட்டணும். குறைந்தால் ஷிம் எடுங்க, கூடினால் சேருங்க. 3, 5, 10, 30 தவு என்று ஷிம் வரும் (ஒரு தவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலும் கீழும் ஷிம் இருக்கிற வகையானால் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியுங்க, இல்லைன்னா ஜாயிண்ட் மையம் விலகி ஓடும். கையால் ஆட்டி "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பூட்டுவதுதான் இந்த ஆட்டம் திரும்பி வருவதற்குப் பாதிக் காரணம்.

உருண்டையில் துரு இருந்தால் 400 எமரி. ஆழக் குழி இருந்தால் எப்பாக்சி வைத்து நிரப்பித் தேயுங்க. சொரசொரப்பு இருக்கும் வரை புது ஃபெல்ட்டும் சில மாதத்தில் அறுந்துவிடும். ஃபெல்ட்டை எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டுங்க.

வீல் பேரிங்: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுகும் வரை முறுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்துங்க. சக்கரம் தாராளமாகச் சுற்றணும், ஆனால் ஆடக் கூடாது. வெளி நட்டைப் பூட்டியபின் மறுபடி சோதிக்கணும், பூட்டும்போதே கொஞ்சம் இறுகிவிடும்.

ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டை உள்ளே தள்ளி "நல்லா ஒடியுது" (நன்றாகத் திரும்புது) என்று சிலர் வைத்துக் கொடுப்பாங்க. வேண்டாம். அந்தக் கோணத்தில் ஜாயிண்ட் பாரம் தாங்காது, ஃபோர் வீலில் முழுசாக ஒடித்து ஏறும்போது உடையும்.

செம்மண்_சாலை

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்கணும். நக்கிளுக்குள் கெட்டி சேசிஸ் கிரீஸைத் துப்பாக்கியால் அடித்து நிரப்பும் பழக்கம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பட்டறைகளில் நிறைய. ஒழுகாது என்பதுதான் அதன் ஒரே லாபம். ஜாயிண்ட் சுற்றும்போது கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், திரும்பி வழியாது, ஜாயிண்ட் வறண்டு ஓடும். பாதி இளகிய 00 கிரேடு கிரீஸ் அல்லது 140 கியர் ஆயில், பிளக் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை. மேல் கிங்பின் பேரிங்குக்கு இரண்டுமே சரியாக எட்டாது, அதைப் பூட்டும்போதே வீல் பேரிங் கிரீஸ் வைத்துக் கையால் நிரப்புங்கள்.

லேத்_பாலக்கோடு

140 ஊற்றினால் பழைய உருண்டையில் நிச்சயம் கசியும், என் ஓட்டு 00 கிரீஸுக்கு. மற்றபடி சரி.

மலைவண்டி_அஞ்செட்டி

ரொம்ப நன்றி அண்ணா. பார்த்துவிட்டேன். ஹவுசிங்கில் முன்னால் 25, பின்னால் 44. பிரேக் மிதித்தும் வலது சக்கரம் ஆடுகிறது, இடதும் லேசாக. நக்கிளில் கெட்டி கிரீஸ்தான், கியர் ஆயில் வாடை இல்லை. பிரீதர் முழுக்க மண். 16 சுற்றுக்கு முன்னால் 43, பின்னால் 39. திரும்ப எண்ணியும் அதே.

கிரவுன்_பினியன்

அப்போது லீவருக்கு விடை கிடைத்துவிட்டது. முன்னால் 5.38, பின்னால் 4.88, பத்து சதவீத வித்தியாசம். யாரோ பின் ஆக்சிலையோ கிரவுன் பினியனையோ மட்டும் மாற்றி, முன்னால் இருப்பதை அப்படியே விட்டிருக்கிறார்கள். டூ வீலில் ஓடும்வரை தெரியாது. ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. முன் சக்கரம் மெதுவாகச் சுற்றப் பார்க்கும், பின் சக்கரம் தள்ளும். சேற்றில் டயர் வழுக்கி ஈடுகட்டும். பாறை மேட்டில் வழுக்க இடமில்லை, முறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லில் தேங்கும். ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கம் பிரிகிறது, அதுதான் அந்த டொக். சரி பண்ணும் வரை ஃபோர் வீல் போடாதீர்கள். முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது, யாரும் மறந்து போட முடியாது.

எதை மாற்றுவது என்பது வண்டியின் வேலையைப் பொறுத்தது. 5.38 மேட்டில் இழுக்கும், ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும். மலையும் மண்டியும் மட்டும் என்றால் பின்னால் 43க்கு 8 போடுங்கள். தார் ரோடு அதிகம் என்றால் முன்னால் 39க்கு 8. வாங்கும் முன் செட் உங்கள் கேரியரில் உட்காருகிறதா என்று பழையதோடு வைத்துப் பாருங்கள். கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்க வேண்டும். வேறு வேறு எண் உள்ளதை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஊளையிடும்.

பூட்டும்போது: பினியன் தலையில் +1, -2 என்று எண் இருக்கும், அது தவுக் கணக்கு. பழையது +1, புதியது -2 என்றால் உள் கப்புக்குப் பின்னால் 3 தவு ஷிம் சேர்க்க வேண்டும். கேரியர் பேரிங் மூடிகளில் உள்ள குறியும் ஹவுசிங்கில் உள்ள குறியும் ஒரே திசையில் பொருந்த வேண்டும், இடம் வலம் மாறக் கூடாது. கேரியரை எடுக்க ஹவுசிங்கை விரிப்பதானால் 20 தவுக்கு மேல் விரிக்காதீர்கள், வார்ப்பு திரும்பிச் சுருங்காது. பல் இடைவெளி டயல் கேஜில் 5 முதல் 7 தவு. கிரவுன் பல்லில் மார்க்கிங் ப்ளூ தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா பாருங்கள். பல் நுனியில் விழுந்தால் பினியனை உள்ளே தள்ள வேண்டும், அடியில் விழுந்தால் வெளியே.

கேரியர் வெளியே இருக்கும்போதே உள் சீல் இரண்டையும் மாற்றிவிடுங்கள், நன்றாக இருந்தாலும். எண்ணெய் ஹைபாய்டு 90, முன் ஆக்சிலுக்கு 1.2 லிட்டர் போதும்.

செம்மண்_சாலை

பூட்டி முடித்ததும் டோ இன் வைக்காமல் ஓட்டாதீர்கள். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 1.2 முதல் 2.4 மி.மீ. குறுகலாக இருக்க வேண்டும். பெல் கிராங்க் வண்டியில் இரண்டு டை ராடு தனித்தனி. முதலில் பெல் கிராங்கை நேராக நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகச் சரி செய்யுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் டோ சரியாக வரும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

காஸ்டர் 3 டிகிரி, கிங்பின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு இருந்தால் எந்தப் பக்கம் தடிப்பு என்று பாருங்கள். பட்டை மாற்றும்போது தலைகீழாகப் போட்ட வண்டிகள் நிறைய, அதில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. யூ போல்ட்டை 200 கி.மீ. ஓடியபின் ஒருமுறை இறுக்குங்கள்.

மலைவண்டி_அஞ்செட்டி

முன் ஷாஃப்டைக் கழற்றியாச்சு. மலை வேலைதான் அதிகம் என்பதால் பின்னால் 43க்கு 8 தேடப் போகிறோம். பின் ஹவுசிங் 44-க்கும் இதே 5 முதல் 7 தவுதானா?

கிரவுன்_பினியன்

அதே அளவே வையுங்கள். ஆனால் முன் ஆக்சில் செட் அதில் உட்காராது, கடையில் 44 என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.