ஃபோர்ட்ரான் புரோகிராமில் பிழை தேடும்போது, டம்ப்பில் (நினைவகத்தில் இருப்பதைக் கொட்டிக் காட்டும் அச்சில்) மாறியின் பெயரும் வந்து காப்பாற்றிய கதை இருந்தால் சொல்லுங்க

துளையட்டை:
ஐபிஎம் 370 என்ற பெரிய கம்ப்யூட்டர் காலத்து ஆள் நான். கட்டடச் சட்டகத்தைக் கணக்கிடும் பிரேம் அனாலிசிஸ் புரோகிராம். சாயங்காலம் துளையிட்ட கார்டு கட்டைக் கொடுத்தால் மறுநாள் காலையில்தான் பிரிண்ட் கைக்கு வரும். ஜாப் ஒழுங்காக முடிந்திருந்தது, ஆனால் எல்லா உத்தரத்திலும் ஸ்ட்ரெஸ் பூஜ்யம்! டம்ப் எடுக்கும் பிடம்ப் என்ற சப்ரூட்டீனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நினைவகத்தில் கிடப்பது ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) வரிசையாகக் கொட்டும், பெயர் கிடையாது. 41100000 என்றால் 1.0 என்பது மனப்பாடம். அது எந்த மாறியின் 1.0 என்பதற்கு எந்த மாறி எந்த இடத்தில் என்று காட்டும் ஸ்டோரேஜ் மேப்பைப் பக்கத்தில் விரித்து, ஸ்கேல் வைத்து எண்ணணும். இரண்டு நாள் போச்சு.

எங்களிடம் எச், ஜி என்று இரண்டு ஃபோர்ட்ரான் கம்பைலர். சீனியர் ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "எச் கம்பைலரை விடு தம்பி, ஜி-யில ஓட்டு. எண்ட் கார்டுக்கு முன்னால டீபக் இனிட்னு ஒரு கார்டு சொருகு" என்றார். அந்தக் கார்டு இருந்தால் எந்த மாறிக்கு மதிப்பு மாறினாலும் பெயரோடு ஒரு வரி அடிக்கும். காகிதம் மலையாகக் குவிந்தது. அதில் ஸ்ட்ரெஸ் என்ற பெயர் ஓரிடத்தில்கூடக் கடைசியில் இரண்டு எஸ்ஸோடு இல்லை, எல்லாம் ஒற்றை எஸ். ஒரு கார்டில் ஒரு எழுத்தை விட்டுப் பஞ்ச் பண்ணியிருக்கேன். ஃபோர்ட்ரான் அதைப் புது மாறியாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது.

நேம்லிஸ்ட் விசிறி:
ஐயா, அறிவிக்காத மாறியைக் கம்பைலர் ஏற்காதபடி செய்யும் இம்ப்ளிசிட் நன் போட்டே வளர்ந்தவன் நான், அந்த வேதனை எனக்கில்லை. டீபக்கர் (பிழை தேடும் கருவி) இல்லாத கம்ப்யூட்டர் கிளஸ்டரில் எனக்கு நேம்லிஸ்ட்தான் துணை. சந்தேகப்படும் மாறிகளை ஒரு குழுவில் போட்டு ஒரே ஒரு ரைட் கட்டளை. ஃபார்மட் எழுதுற வேலை இல்லை. ஒருமுறை ஆயிரம் உறுப்புள்ள அர்ரே, ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் அதை இரண்டு எண், பிறகு 998 பூஜ்யம் என்ற பொருளில் "998*0.0..." என்று சுருக்கி அடித்தது. லூப் இரண்டாவது சுற்றிலேயே வெளியேறியது அங்கேயே தெரிந்துபோச்சு.

நள்ளிரவு_லூப்:
என் கதை கொஞ்சம் கேவலம். கம்பைலர் கோடை வேகமாக்கித் தரும் ஓ2-வில் ஓட்டினால் விடை நேன் (எண்ணே அல்ல என்ற குறி). ஜிடிபி டீபக்கரில் இன்ஃபோ லோக்கல்ஸ் அடித்தால் பெயரெல்லாம் அழகாக வரும், மதிப்பு இருக்கவேண்டிய இடத்தில் "ஆப்டிமைஸ்டு அவுட்", அதாவது கம்பைலர் அதை நீக்கிவிட்டது. வேகமாக்காத ஓ0-வில் கம்பைல் பண்ணினால் பிழையே வரமாட்டேங்குது. கடைசியில் லோக்கல் ரியல் மாறிகளுக்கு ஆரம்ப மதிப்பாக, கணக்கில் பயன்படுத்தினாலே எச்சரிக்கும் சிக்னலிங் நேன் வைக்கும் ஃபினிட்-ரியல் கொடியும், செல்லாத கணக்கு வந்தால் புரோகிராமை நிறுத்தும் இன்வேலிட் ட்ராப்பும் போட்டேன். மதிப்பே கொடுக்காத ஒரு மாறியைக் கூட்டின வரியில் போய் நின்றது. காமன் பிளாக் (பல சப்ரூட்டீன்கள் பகிரும் மாறிகள்) உள்ள பழைய கோட் வைத்திருப்பவர்கள் ஜிடிபியில் இன்ஃபோ காமன் அடித்துப் பாருங்க, பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

துளையட்டை:
@நள்ளிரவு_லூப் தம்பி, இதை வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் வாட்ஃபைவ் என்ற ஃபோர்ட்ரான் கம்பைலரில் அப்பவே செய்துவிட்டார்கள். மதிப்பு வைக்காத மாறியை அச்சடித்தால் யூயூயூயூ (UUUU) என்று வரும். நாங்க அதை "ஊளை" என்போம். "எத்தனை ஊளைடா உனக்கு?" இதுதான் கேன்டீனில் முதல் கேள்வி.