எண்ணெய் குறைத்து ஜெனரல் ஸோ சிக்கன்: மேல்மாவு கழன்றுவிடுகிறது, உதவுங்கள்

மல்லிகைப்பந்தல்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை வந்தால் பையனுக்கு ஜெனரல் ஸோ சிக்கன் வேண்டும், அதுதான் இனிப்பும் புளிப்பும் காரமுமான சாஸில் புரட்டிய மொறுமொறு சீனக் கோழி வறுவல். இதுவரை கடையில்தான் வாங்கினோம். என் கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டிலேயே செய்கிறேன். மூன்று தடவையும் சொதப்பல்.

அரை கிலோ நெஞ்சுக்கறி. முட்டை, கார்ன்ஃப்ளவர், தண்ணீர் சேர்த்து பஜ்ஜி மாவுபோல் கரைத்து, கறியை முக்கி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் வறுக்கிறேன். மாவு கறியை விட்டுவிட்டு வாணலியில் ஒட்டிக்கொள்கிறது. மூடி போட்டு வேகவைத்தும் பார்த்தேன், கொழகொழவென்று ஆகிவிட்டது. சாஸ் கெட்டிப்படவே இல்லை, நாக்கில் ரவைபோல் நறநறக்கிறது. மூன்று கரண்டி சர்க்கரையை ஒன்றரையாகக் குறைத்தேன், புளிப்பு தூக்கிவிட்டது. பையன் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டை நகர்த்திவிட்டான். எங்கே தவறு செய்கிறேன்?

கரண்டிப்பிடி:
பஜ்ஜி மாவு முங்குகிற எண்ணெயில்தான் நிற்கும். கரைசல் பட்டவுடன் சுற்றிலும் சூடான எண்ணெய் இருந்தால்தான் தோல் கட்டும். மூன்று கரண்டியில் அடிப்பக்கம் மட்டும் வேகும், மேலே இருப்பது வழிந்து போகும். எண்ணெயைக் குறைக்க வேண்டுமென்றால் ஈரக் கரைசலை விட்டுவிட்டு உலர்ந்த மாவில் புரட்டுங்கள். மூடியும் வேண்டாம், ஆவி இறங்கினால் மொறுமொறுப்பு போய்விடும்.

பழைய வாணலி:
மல்லிகை, ஒரு கேள்வி. உங்கள் கார்ன்ஃப்ளவர் என்ன நிறம்?

மல்லிகைப்பந்தல்:
இளமஞ்சள். இந்தியக் கடையில் கிடைக்கவில்லை என்று இங்கே பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் வாங்கினேன். ஏன் அண்ணா?

பழைய வாணலி:
அதுதான் கோளாறு. ஊரில் நாம் கார்ன்ஃப்ளவர் என்று வாங்குவது வெள்ளை வெளேரென்ற மாச்சத்து. அமெரிக்காவில் அதே பெயர் போட்ட பாக்கெட்டில் இருப்பது சோளத்தை முழுசாக அரைத்த மாவு. உங்களுக்கு வேண்டியது கார்ன்ஸ்டார்ச். விரலிடையில் அழுத்திப் பாருங்கள், கடுங்குளிரில் பனியை மிதிப்பதுபோல் கிறீச்சென்று ஒலி வரும். மஞ்சள் மாவில் அந்த ஒலி வராது, மணல்போல் உதிரும். சாஸ் நறநறத்ததும் கெட்டியாகாததும் இதனால்தான். நானும் வந்த புதிதில் இதே பாக்கெட்டை வாங்கி ஒரு சூப்பைக் கெடுத்தேன்.

நான் செய்கிற விதம் இது. எலும்பில்லாத தோலுரித்த தொடைக்கறி அரை கிலோ. நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். துண்டுகளைக் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். அப்புறம் மூன்று மேசைக்கரண்டி கார்ன்ஸ்டார்ச்சில் புரட்டி, உதறி எடுங்கள். இரும்பு வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் பாதிக் கறியை இடைவெளி விட்டுப் பரப்புங்கள். மூன்று நிமிடம் கரண்டியே படக் கூடாது. அடியில் பொன்னிறத் தோல் கட்டினால் துண்டு தானாகவே விட்டுக்கொடுக்கும், அப்போதுதான் திருப்ப வேண்டும். உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் வந்ததா என்று பார்த்து எடுத்துவிட்டு, மீதியைப் போடுங்கள்.

சாஸுக்கு: உப்பு குறைந்த சோயா இரண்டு மேசைக்கரண்டி, அரிசி வினிகர் ஒன்றரை, சர்க்கரை ஒன்றரை, சிக்கன் ஸ்டாக் (கோழி வேகவைத்த சாறு) அரை கப், இரண்டு தேக்கரண்டி கார்ன்ஸ்டார்ச். எல்லாவற்றையும் ஆறிய நிலையிலேயே கலக்குங்கள், சூட்டில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், விதை நீக்கிய ஆறு காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு. வாசம் வந்ததும் கலவையை ஊற்றினால் முதலில் கலங்கலாக இருக்கும், கொதித்து ஒரு நிமிடத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும். அப்போது கறியைப் போட்டு, அரை நிமிடம் புரட்டி இறக்குங்கள்.

இஞ்சிமரப்பா:
புளிப்பு பற்றி. சர்க்கரையைக் குறைத்தபோது வினிகரையும் குறைத்தீர்களா? இரண்டும் ஜோடி. வெள்ளை வினிகர் என்றால் அரிசி வினிகரை விடப் புளிப்பு கடுமையாகத்தான் இருக்கும். சர்க்கரைக்குப் பதில் தேன், வெல்லம் என்று போக வேண்டாம், உடம்புக்கு இரண்டும் சர்க்கரைதான். மேலே சொன்ன அளவு நான்கு பேருக்கு என்றால் ஆளுக்கு ஐந்து கிராமுக்கும் கீழே. சாதத்தைக் குறைத்துப் பக்கத்தில் ப்ரோக்கொலி வையுங்கள், உங்கள் கணவருக்கு அதுதான் பெரிய உதவி. சோயாவிலும் கை கட்டுப்படட்டும். சாதாரண சோயா ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது.

இனிப்பு குறைந்தால் அசல் ருசி போய்விடுமோ என்று தயங்க வேண்டாம். இந்தப் பண்டத்தை உருவாக்கியவர் ஹுனானில் பிறந்து, 1949இல் தைவானுக்குப் போன சமையல்காரர் பெங் சாங்-குவெய். 1950களில் அங்கே அவர் செய்ததில் சர்க்கரையே கிடையாது. புளிப்பு, காரம், உப்பு, பூண்டு, அவ்வளவுதான். 1970களில் நியூயார்க்குக்கு வந்த பிறகுதான் இனிப்பும் கனத்த மொறுமொறுப்பும் ஏறின. நீங்கள் சர்க்கரையைக் குறைப்பது அந்த முதல் ருசியின் பக்கம் போவதுதான்.

கரண்டிப்பிடி:
கடைசியில் அரைத் தேக்கரண்டி எள்ளெண்ணெய் விடுங்கள், ஆனால் நம் நல்லெண்ணெய் அல்ல. எள்ளை வறுத்துப் பிழிந்த, பழுப்பு நிற சீன எண்ணெய். கடை வாசம் அதிலிருந்துதான் வருகிறது.

மல்லிகைப்பந்தல்:
இன்று செய்தேன்! பாக்கெட்டை மாற்றினேன், அந்தக் கிறீச் ஒலியும் கேட்டது. மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் கஷ்டம். துண்டுகள் தானாகவே கழன்று வந்தன, ஒன்றில்கூட மாவு உரியவில்லை. வினிகரையும் குறைத்தேன், சரியாக இருந்தது. பையன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவர் மிளகாயை ஒதுக்காமல் சாப்பிட்டார். மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொஞ்சம் மீந்திருக்கிறது, நாளை பள்ளிக்குக் கட்டிக் கொடுக்கலாமா?

பழைய வாணலி:
ரொம்ப சந்தோஷம். சாஸில் புரட்டியது மதியத்துக்குள் ஊறிவிடும், ருசி இருக்கும், மொறுமொறுப்பு இருக்காது. அடுத்த தடவை டப்பாவுக்கென்று நாலு துண்டைப் புரட்டாமல் எடுத்து வைத்து, சாஸைத் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். தொட்டுத் தொட்டுச் சாப்பிடட்டும்.