அடிமை வணிக வரலாறு: இளைஞர் பட்டறையில் நடிக்க வைக்கலாமா?

கேள்வி: 14–16 வயதினர் 20 பேர், 2 மணி நேரம். அட்லாண்டிக் அடிமை வணிகத்தை நடித்துக் காட்டச் சொல்லலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். ஒன்று சிரிப்பில் முடியும், இல்லையென்றால் ஏதாவது ஒரு பிள்ளையின் மனம் நொறுங்கும். ஓர் அடிமைக் கப்பலில் ஆட்களை எப்படி நெருக்கி அடுக்கினார்கள் என்று காட்டும், 1788-இல் வெளியான புரூக்ஸ் கப்பல் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, நான்கு பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள். பத்து நிமிடம் பேசாமல் பார்க்கட்டும். பிறகு அந்தக் கப்பலில் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரையுங்கள்: நீளம் 6 அடி, அகலம் 1 அடி 4 அங்குலம். யாரையும் அதில் படுக்கச் சொல்லாதீர்கள், கோடே போதும்.

பதில் 2: 'அடிமைகள்' என்பதைவிட 'அடிமைப்படுத்தப்பட்டவர்கள்' சரி. அவர்கள் காட்டிய எதிர்ப்பைப் பற்றிப் பேசவும் அரை மணி ஒதுக்குங்கள். கரீபியன் பகுதியிலுள்ள ஹைட்டியில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் 1791-இல் தொடங்கிய எழுச்சி 1804-இல் விடுதலையில் முடிந்தது. பெரும்பாலும் நேரமில்லையென்று வெட்டப்படுவது இந்தப் பகுதிதான்.